சில்லி பீஃப் எங்கேயிருந்து வந்தது?

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை. அம்மாவின் குசினிக்குள் அது வரவே வராது. ஆனாலும் ஸ்காபரோவில் வளர்ந்த பல தமிழ்ப் பிள்ளைகளைப் போல நானும் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஹக்கா கடைச் சில்லி பீஃப் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன். அப்பா வேலை முடிந்து வந்து காரை எடுப்பார். அம்மாவுக்கு இறால், எங்களுக்குச் சில்லி பீஃப், எல்லோருக்கும் ஃபிரைட் ரைஸ். "மற்றச் சைனீஸ் கடையளிலை உறைப்பு இல்லை. இவங்கள்தான் எங்கடை நாக்கு தெரிஞ்ச சைனீஸ்" என்று அப்பா சொல்லுவார்.

எங்கள் நாக்கு அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்ததே இல்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு நாள் கடையில் காத்துக்கொண்டு நின்றேன். கல்லாவில் நின்ற சீன அங்கிள் ஒரு வாடிக்கையாளரோடு சரளமாக ஹிந்தியில் கதைத்துக்கொண்டிருந்தார். மேலே தொலைக்காட்சியில் கிரிக்கெட். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைக் கண்டு அவர் சிரித்தார். "நான் கல்கத்தாவில் பிறந்தவன். சீனாவை இதுவரைக்கும் கண்ணால் கண்டதில்லை" என்றார்.

அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கும் என்று அன்றைக்குத் தெரியாது. போன மாதம் என் சொந்த வீட்டில் முதல் தடவையாகச் சில்லி பீஃப் சமைத்தபோது அவருடைய முகம் ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சமையல் குறிப்பு கடைசியில் இருக்கிறது. அதற்கு முதல் கதையைக் கேளுங்கள்.

விருந்தாளிக் குடும்பங்கள்

‘ஹக்கா’ என்பதை நாங்கள் ஒரு சாப்பாட்டு வகையின் பெயராகத்தான் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். சீன மொழியில் அதற்கு ‘விருந்தாளிக் குடும்பங்கள்’ என்று பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வட சீனாவிலிருந்து போராலும் பஞ்சத்தாலும் தெற்கே நகர்ந்து வந்தவர்கள் அவர்கள். தெற்கில் நல்ல வயல்களை முதலே வேறு ஆட்கள் பிடித்துவிட்டார்கள். ஹக்காக்களுக்குக் கிடைத்தது மலைச்சரிவுகள். சொந்த நாட்டுக்குள்ளேயே எத்தனையோ தலைமுறையாக ‘விருந்தாளி’ என்று அழைக்கப்பட்டவர்கள், வழி கிடைத்தபோது கடல் கடந்தும் போனார்கள். மலேயா, ஜமேக்கா, மொரிசியஸ், கல்கத்தா என்று.

கல்கத்தாவுக்கு வந்த முதல் சீனர்களில் ஒருவராக அறியப்படுபவர் டாங் அச்சியூ. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தை ஆண்ட காலத்தில், ஹூக்ளி நதிக்கரையில் நிலம் பெற்று ஒரு சீனி ஆலை தொடங்கினார். அந்த இடத்துக்கு இன்றைக்கும் அவருடைய பெயர்தான்: அச்சிப்பூர். சீனப் புத்தாண்டுக் காலத்தில் கல்கத்தாச் சீனர்கள் அங்கே போய் அவரை வணங்கிவிட்டு வருவார்கள்.

அவருக்குப் பிறகு பலர் வந்தார்கள். கன்ரனீஸ்காரர் தச்சு வேலை செய்தார்கள். ஹுபெய் மாகாணத்தவர் பல் வைத்தியம் செய்தார்கள். குவாங்டொங் மாகாணத்து மெய்சியென் பகுதியிலிருந்து வந்த ஹக்காக்கள் தோல் பதனிடும் தொழிலுக்கும் சப்பாத்துத் தொழிலுக்கும் போனார்கள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்த டாங்ரா அவர்களுடைய ஊரானது.

ஏன் தோல்? இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஹிந்துச் சமூகத்தில் செத்த மாட்டின் தோலைத் தொடுவது தீட்டு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த வேலையைச் சில சாதியினர் தலையில் கட்டிவிட்டு, செய்தவர்களையே ஒதுக்கியும் வைத்தார்கள். முதல் உள்ள உயர்சாதியினர் பலர் அந்தத் தொழிலுக்குள் வரத் தயங்கினார்கள். அந்த வெற்றிடத்துக்குள்தான் ஹக்காக்கள் புகுந்தார்கள். டாங்ராவில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் எலன் ஆக்ஸ்ஃபெல்ட் 1993இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் இதை விளக்குகிறார். அதாவது, கல்கத்தாவில் ஒரு சீன ஊர் உருவானதற்கு இந்தியாவின் சாதியும் ஒரு காரணம்.

தட்டில் இருப்பது யாருடைய சாப்பாடு?

மெய்சியெனில் ஒரு பாட்டி சமைக்கும் சாப்பாட்டில் எங்களுக்குத் தெரிந்த ‘ஹக்கா’ சுவை இருக்காது. அங்கே உப்பில் புதைத்து வேகவைத்த கோழி, இறைச்சி அடைத்த தோஃபு, உலர்த்திய கடுகுக் கீரையோடு பன்றி இறைச்சி. உப்பும் கொழுப்பும் தூக்கலாக இருக்கும். உறைப்பு பெரிதாக இருக்காது.

உறைப்பு கல்கத்தாவில் வந்து சேர்ந்தது. சீன வீட்டுத் தாச்சி, சோயா சோஸ், கோன் பிளவர் எல்லாம் அப்படியே இருந்தன. அவற்றோடு பச்சை மிளகாய், இஞ்சி, உள்ளி, வெங்காயம், வினாகிரி தாராளமாகச் சேர்ந்தன. சோற்றோடு பிசைந்து சாப்பிடும் ஆட்களுக்காகக் குழம்பு தடித்தது. சில்லி சிக்கனும் சில்லி பீஃபும் இப்படித்தான் உருவாகின. கல்கத்தாவில் பிறந்த சீனச் சமையல்காரர் நெல்சன் வாங் 1970களில் மும்பாயில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மஞ்சூரியாவில் போய் அதைக் கேட்டால் ஒருவருக்கும் விளங்காது.

இன்னும் பின்னால் போனால் மிளகாயே எங்களுடையதில்லை. அது மத்திய, தென் அமெரிக்கப் பயிர். போர்த்துக்கேயரின் கப்பல்களில் 16ஆம் நூற்றாண்டில் எங்கள் பக்கம் வந்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் சீனாவுக்கும் போயிற்று. கோன் பிளவர் செய்யும் சோளமும் அமெரிக்கப் பயிர்தான். ‘எங்கட உறைப்பு’ என்று அப்பா பெருமைப்படுவதற்கு வயது ஐந்நூறு வருடம்தான்.

இலங்கையிலும் இதே போல ஒன்று நடந்திருக்கிறது. பிறந்தநாள் வீட்டில் நாங்கள் அள்ளிச் சாப்பிடும் றோல்ஸ், இலங்கையில் இன்றும் பல கடைகளில் ‘சைனீஸ் றோல்ஸ்’ என்ற பெயரில்தான் விற்கிறது. டெவில் பண்ணின இறால், டெவில் பண்ணின மாட்டிறைச்சி என்கிறோமே, அதில் பெயர் ஆங்கிலேயருடையது. மிளகு, மிளகாய் தூக்கலாகப் போட்ட சாப்பாட்டை அவர்கள் ‘பேய்த்தனமானது’ என்று அழைத்தார்கள். பெருந்தீயில் சோஸ் ஊற்றிப் பிரட்டும் முறை சீனருடையது. உறைப்பின் அளவு எங்களுடையது.

1962

இப்போது கதை மாறுகிறது.

1962 ஒக்டோபர் 20ஆம் திகதி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இமயமலை எல்லையில் போர் தொடங்கியது. ஒரு மாதத்தில் நின்றும் விட்டது. ஆனால் இந்தியாவில் வாழ்ந்த சீனர்களுக்கு அது வருடக்கணக்கில் நீண்டது.

இந்திய அரசு அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒருவருடைய பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ எப்போதாவது எதிரி நாட்டின் பிரஜையாக இருந்திருந்தால் போதும், அவரை வெளிநாட்டவராக நடத்தலாம் என்றாகிவிட்டது. அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ச் சீன முகம் கொண்டவர்களைப் பிடித்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கடைக்காரர், பள்ளிப் பிள்ளை, கைக்குழந்தை என்று வேறுபாடு இல்லை. சுமார் 3,000 பேர் ரயிலில் ஏற்றப்பட்டு, நாட்டின் மறுபக்கத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தின் ஓரத்தில் இருந்த தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம்.

யார் மீதும் வழக்கு இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. சிலர் சில மாதங்களில் வெளியே வந்தார்கள், சிலர் வருடக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். கடைசியாக இருந்தவர்கள் வெளியே வந்தது 1967இல். திரும்பிப் போனபோது வீடும் கடையும் கைமாறியிருந்தன, பலருடைய சொத்துகளை அரசே ஏலம் விட்டிருந்தது. கல்கத்தாவில் இருந்த பெரும்பாலான சீனர்கள் முகாமுக்குப் போகாமல் தப்பினார்கள். ஆனால் பொலிஸில் பதிய வேண்டும், அனுமதி இல்லாமல் நகரத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் அவர்கள் மீதும் இருந்தன.

தமிழருக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. 1963இல் சீன அரசு, போக விரும்புபவர்களை ஏற்றிக்கொண்டு போகக் கப்பல்களை அனுப்பியது. அவை வந்து நின்ற இடம் சென்னைத் துறைமுகம். தேவ்லியிலிருந்து ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கேதான் கப்பல் ஏறினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். அவர்களில் பலர் இந்தியாவில் பிறந்தவர்கள். ‘தாயகம்’ என்று அவர்களை அனுப்பிய நாட்டை அவர்கள் முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தார்கள்.

ஸ்காபரோவுக்கு வந்த வழி

போகாமல் இருந்தவர்களுக்கும் இந்தியாவில் மனம் விட்டுப்போயிற்று. கனடா 1967இல் குடிவரவுக்குப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. படிப்பு, தொழில், மொழி ஆகியவற்றுக்குப் புள்ளி. இனத்தைப் பார்த்துக் கதவை மூடும் வழக்கம் சட்டத்தில் முடிவுக்கு வந்தது. கல்கத்தா ஹக்காக்கள் ஒருவர் பின் ஒருவராக ரொறன்ரோவுக்கு வரத் தொடங்கினார்கள். 1970களில் ஜமேக்காவிலிருந்தும் ஹக்காக்கள் வந்தார்கள். பிறகு 1996 டிசம்பரில், கல்கத்தாத் தோல் ஆலைகளை நகரத்துக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீர்தான் காரணம். டாங்ராவில் பல தோல் ஆலைகள் மூடப்பட்டன. சில இடங்கள் சாப்பாட்டுக்கடைகளாக மாறின. இன்னும் பல குடும்பங்கள் விமானம் ஏறின.

கனடாவை நல்ல பிள்ளையாகக் காட்டி நான் இந்தக் கதையை முடிக்கப்போவதில்லை. இதே கனடா 1885இல் சீனர்கள் மீது 50 டொலர் தலைவரி போட்டது. 1903இல் அது 500 டொலரானது. 1923 ஜூலை 1ஆம் திகதி, கனடா தினத்தன்று, சீனர்களின் வருகையை ஏறக்குறைய முழுதாக நிறுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைச் சீனக் கனேடியர்கள் ‘அவமான தினம்’ என்று அழைத்தார்கள். அந்தச் சட்டம் 1947வரை இருந்தது. 1942இல் ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளிக் கனேடியர்கள், போர் நடந்ததைக் காரணம் காட்டி, மேற்குக் கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டார்கள். தேவ்லியில் நடந்தது இங்கே இருபது வருடம் முதலே நடந்திருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஜப்பானியக் கனேடியர்களிடம் கனேடிய அரசு 1988இல் மன்னிப்புக் கேட்டது. தலைவரிக்காக 2006இல் மன்னிப்புக் கேட்டது. தேவ்லிக்காக இந்திய அரசு இன்னும் கேட்கவில்லை. அந்த முகாமில் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று ரொறன்ரோப் பகுதியில் முதியவர்களாக வாழ்கிறார்கள். பணம் வேண்டாம், நடந்தது பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த கதைதானே

இதை வாசித்துக்கொண்டு போகும்போது உங்களுக்கும் எங்கேயோ பொறி தட்டியிருக்கும்.

1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், பரம்பரையைக் காட்டச் சொல்லி மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. அந்த ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். சென்னையில் சீனர்கள் கப்பல் ஏறியதற்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் இடையே ஒரே ஒரு வருடம்.

அதன் பிறகு 1983. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரையில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர்கள். 2009இல் முட்கம்பிக்குப் பின்னால் மெனிக் பாம். இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது உங்கள் வீட்டு ஆள் ஒருவர் இருப்பார்.

எனக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. ‘எங்களுக்கு நடந்ததை உலகம் தெரிந்துகொள்ளவில்லை’ என்று நாங்கள் எத்தனை ஊர்வலத்தில் கத்தியிருக்கிறோம். நானும் 2009இல் ரொறன்ரோத் தெருக்களில் நின்றவன். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் எங்களுக்குச் சாப்பாடு கட்டித் தந்த சமூகத்துக்கு என்ன நடந்தது என்று ஒரு தடவையாவது கேட்டேனா? "எக்ஸ்ட்ரா சோஸ்" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை.

அவர்களும் தாங்களாகச் சொல்லவில்லை. முகாமில் இருந்த பலர் தங்கள் பிள்ளைகளுக்கே பல வருடம் சொல்லாமல் இருந்தார்களாம். அது எனக்குப் புதினமாக இல்லை. என் அப்பா கனடா வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவியவர் என்பதே எனக்கு இருபத்தைந்து வயதில்தான் தெரியும். அதற்கு முதல் கொழும்பில் என்ன நடந்தது என்பதை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. உறைப்பைக் கொண்டுவந்தார்கள், சட்டியைக் கொண்டுவந்தார்கள். கதையை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

அம்மாவின் குசினி

சரி, மாட்டிறைச்சிக்கு வருவோம்.

"ஏன் சமைக்கிறேல்லை?" என்று அம்மாவைக் கேட்டேன். ஊரில் வீட்டு முற்றத்தில் நின்ற பசுவைப் பற்றிச் சொன்னார். "பால் தந்தது, வயலை உழுதது அதின்ரை பிள்ளையள். அதை எப்பிடி?" என்றார். இதே பேச்சைச் சீனப் பாட்டிகளும் பேசியிருக்கிறார்கள். உழவு மாட்டைத் தின்பது நன்றி கெட்ட வேலை என்ற எண்ணம் சீனக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. மாடு அறுப்பதைத் தடுக்கும் சட்டங்களைப் பல அரச வம்சங்கள் போட்டன. குவான்யின் தெய்வத்தை வணங்குபவர்கள் பலர் இன்றும் மாட்டிறைச்சி தொடுவதில்லை.

அம்மாவின் அன்பு பொய்யில்லை. ஆனால் அது முழுக் கதையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மாட்டிறைச்சி தின்பவர் யார், தின்னாதவர் யார் என்பதை வைத்து ஆட்களைத் தரம் பிரித்ததும் உண்டு. ‘நாங்கள் அதுகள் தின்னுறேல்லை’ என்று யாராவது சொல்லும்போது, அந்த ‘நாங்கள்’ யார் என்று காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். தோலைத் தொட்டவனைத் தள்ளி வைத்த அதே கணக்குத்தான் அதுவும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது உண்மைதான்" என்றார். பிறகு, "ஆனாலும் என்ரை தாச்சியிலை வேண்டாம்" என்றார். சரி என்று விட்டேன். அது அவருடைய தாச்சி.

எனவே என் வீட்டில், என் தாச்சியில்:

500 கிராம் ஃபிளாங்க் ஸ்டேக் இறைச்சியை அரை மணித்தியாலம் ஃபிரீசரில் வையுங்கள். கொஞ்சம் இறுகினால் மெல்லிசாக வெட்டலாம். இறைச்சியின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நாரோடு வெட்டினால் கயிறு சப்புவது போல இருக்கும். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி கோன் பிளவர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், கால் தேக்கரண்டி பேக்கிங் சோடா போட்டுப் பிசைந்து இருபது நிமிடம் வையுங்கள். சோடா இறைச்சியை மெதுமையாக்கும். கூடிப்போனால் சவர்க்காரச் சுவை வரும், கவனம்.

தாச்சி நன்றாகக் காய்ந்து புகை கிளம்பும்போது எண்ணெய் ஊற்றி, இறைச்சியை இரண்டு பாகமாகப் பிரித்துப் போட்டு எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டு அவிந்துபோகும். என்னுடைய முதல் முயற்சி அப்படித்தான் போனது. இரண்டாவது முயற்சியில் புகை அலாரம் அடித்தது. யன்னலைத் திறந்து வையுங்கள்.

அதே தாச்சியில் பொடியாக வெட்டிய இஞ்சி, ஆறு பல் உள்ளி, நீளவாக்கில் கீறிய எட்டுப் பச்சை மிளகாய். பிறகு பெரிதாக வெட்டிய ஒரு வெங்காயம், ஒரு குடைமிளகாய். ஒரு நிமிடம் போதும், அவை நறுக்கென்று இருக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, ஒரு மேசைக்கரண்டி சில்லி சோஸ், ஒரு தேக்கரண்டி சீனி. அரைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி கோன் பிளவரைக் கரைத்து ஊற்றுங்கள். குழம்பு மினுங்கித் தடித்ததும் இறைச்சியைத் திரும்பப் போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டி, வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். சோறு சூடாக இருக்க வேண்டும்.

அப்பா வந்து சாப்பிட்டார். "கடையிலை மாதிரி இல்லை. ஆனா பரவாயில்லை" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. அதற்குப் பிறகு அந்தச் சீன அங்கிளைப் பற்றியும் தேவ்லியைப் பற்றியும் நான் சொன்னேன். கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார். தட்டு காலியான பிறகும் எழும்பவில்லை. "எங்களையும் அப்பிடித்தான் கப்பலிலை ஏத்தினவங்கள், எண்பத்திமூண்டிலை, கொழும்பிலை இருந்து காங்கேசன்துறைக்கு" என்று தொடங்கினார்.

தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போயிற்று. நான் எழும்பிப் போய்ச் சூடாக்கவில்லை. எழும்பினால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

நீங்களும் ஒரு நாள் சமைத்துப் பாருங்கள். யாருக்காவது சாப்பிடக் கொடுங்கள். பிறகு, நீங்கள் எங்கே பிறந்தீர்கள், இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேளுங்கள். வீட்டிலும் கேளுங்கள், ஹக்கா கடையிலும் கேளுங்கள்.